நான் போட்ட 82 மதிப்பெண்

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று ஊரில் யாராவது கேட்டால் 'ஆடிட்டர்' என்று சொல்லி நகர்ந்துவிடப் பார்ப்பேன். விடமாட்டார்கள். உடனே வருமான வரியில் ஒரு சந்தேகம் கேட்பார்கள். எனக்கு வருமான வரி தெரியாது. என் மைத்துனன்தான் எனக்கே கணக்குத் தாக்கல் செய்கிறான். நான் செய்வது தகவல் பாதுகாப்புத் தணிக்கை. வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர்களின் விவரங்களை வெளி ஏஜென்சிகளிடம் கொடுக்கும்போது, அவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்று போய்ப் பார்த்து, மதிப்பெண் போட்டு, கையெழுத்திட்டு வர வேண்டும். மும்பை செம்பூரில் குடியிருந்துகொண்டு 20 வருடத்துக்கு மேலாக இந்தப் பிழைப்பு ஓடுகிறது.

2023 பிப்ரவரியில் நவி மும்பையில் ஓர் ஏஜென்சிக்குப் போனேன். வாராக் கல்விக் கடன்களை வசூலித்துத் தருவது அவர்கள் தொழில். மூன்றாவது மாடி, குளிரூட்டிய கூடம், காதில் கருவி மாட்டிய 60 பேர். அதில் பாதிக்கு மேல் தமிழ்ப் பெண்கள். தாராவியிலும் சீட்டா கேம்ப்பிலும் பிறந்து வளர்ந்தவர்கள். கல்விக் கடன் வாங்குவதில் தமிழ்நாடு பல வருடங்களாக முன்வரிசை மாநிலம். தென்காசிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டு, 'தவணை எப்ப கட்டுவீங்க' என்று கேட்பதற்கு மும்பையில் தமிழ் பேசும் ஆள் தேவைப்படுகிறது. அந்தப் பெண்களில் பலர் தென்காசியைப் பார்த்ததே இல்லை.

என்னிடம் இருந்த படிவத்தில் 140 கேள்விகள். வாசலில் கேமரா உண்டா? வருகிறவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறார்களா? ஊழியர்கள் தங்கள் செல்போனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டு வருகிறார்களா? கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகும் துளைகளை அடைத்திருக்கிறார்களா? பாஸ்வேர்டை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள்? வேலையை விட்டுப் போனவர்களின் பெயரை அன்றைக்கே நீக்குகிறார்களா? இப்படியே போகும். பத்து நாள் முன்னதாகவே நான் வருவதைச் சொல்லியாயிற்று. எனவே அலுவலகம் பெண் பார்க்க வரும் வீடு மாதிரி துடைத்து வைத்திருந்தது. மானேஜர் நல்ல மனிதர். சமோசாவும் டீயும் வரவழைத்தார். 97-ஆவது கேள்வி: 'தகவல் இந்த அலுவலகத்தை விட்டு வெளியே செல்கிறதா?' அவர் பதில்: 'பூட்டுப் போட்ட ஃபைலாக, மெயிலில் மட்டும்.' டிக் அடித்தேன். பூட்டுக்கான பாஸ்வேர்டு அடுத்த மெயிலிலேயே போகிறது என்பதைக் கவனித்து, 'சிறு குறை' என்று எழுதினேன். மொத்தம் 82 மதிப்பெண். 'திருப்திகரம்'. சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டில் இருந்தேன்.

கல்விக் கடன் ஃபைல் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு நடந்ததன் கனம் புரியும். கார் கடன் வாங்கினால் கட்டாதபோது காரை எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டுக் கடனுக்கு வீடு. கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை அடமானம் எதுவும் கிடையாது. 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்திலிருந்து வருகிற வழக்கம் அது. அப்பாவோ அம்மாவோ கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். ஏழை வீட்டுப் பிள்ளை படிக்க அதுதான் வழி. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் படிப்பு முடிந்து, சலுகைக் காலமும் முடிந்து, 90 நாள் தவணை தவறி, கணக்கு வாராக் கடன் ஆனபின் வசூல்காரன் எதைப் பிடிப்பான்? பட்டத்தைப் பிடுங்க முடியாது. அவன் கைக்கு எட்டுவது அந்தக் குடும்பத்தின் மானம் ஒன்றுதான். அந்த மானம் முழுக்க ஃபைலில் இருக்கிறது. பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், அப்பாவின் வருமானச் சான்று, பல ஃபைல்களில் சாதிச் சான்று, ஆதார், பான் கார்டு, போட்டோ, வீட்டு முகவரி, 'எங்களைத் தெரிந்தவர்கள்' என்று இரண்டு பேரின் டெலிபோன் நம்பர்கள். ஜாதகத்தில்கூட இவ்வளவு இருக்காது.

இது ரிசர்வ் வங்கிக்குத் தெரியாததல்ல. வெளியாளிடம் வேலையைக் கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதே என்றும், ஏஜென்சி ஊழியருக்குத் தன் வேலைக்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு விவரமே தெரிய வேண்டும் என்றும் 2006 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. வசூல் ஏஜெண்டுகளுக்கென்று தனியாக 2008 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை. 2022 ஆகஸ்டில் இன்னொன்று: காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, கடன்காரரைப் பொதுவில் அவமானப்படுத்தக் கூடாது, அவருடைய குடும்பத்தார், சிபாரிசுக்குப் பெயர் கொடுத்தவர்கள், நண்பர்கள் இவர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. படிக்க நன்றாக இருக்கும். என் படிவத்திலும் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு.

அந்த வருடம் அக்டோபரில் வங்கியிலிருந்து போன். "சார், ஒரு புகார் வந்திருக்கு. ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன் வரைக்கும் போயிடுச்சு. நீங்க பாத்த ஏஜென்சிதான். தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும், நேர்ல போய் விசாரிச்சுட்டு வாங்க." கூடவே ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்கள். எண்ணெய் ஊறிய ஒரு தாள். அதில் 34 பெயர்கள், தொகை, நம்பர், விலாசம்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். புகார் கொடுத்தவர் தையல்காரர். வீட்டு முன்திண்ணையிலேயே மிஷின் போட்டிருந்தார். நான் கையில் பையும் பேண்ட் சட்டையுமாகப் போய் அவர் பெயரைச் சொன்னதும் எழுந்து உள்ளே போனார். இரண்டு நிமிடம் கழித்து மடித்த நோட்டுகளுடன் வந்தார். "சார், இப்ப ரெண்டாயிரம்தான் இருக்கு. மிச்சத்த அடுத்த மாசம் பொரட்டிடுவேன். சத்தம் மட்டும் போட்டுறாதீங்க, பக்கத்து வீட்ல விசேஷம்."

நான் அதற்கு வரவில்லை என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகும் அவர் அந்த நோட்டுகளைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

மகள் நர்சிங் படித்தவள். கடன் 3 லட்சத்து 20 ஆயிரம்; வட்டி சேர்ந்து நாலரை லட்சத்துக்கு மேல் போயிருந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை, மாதம் 13,000 ரூபாய். அதில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். தவணை விட்டுவிட்டுத்தான் போயிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. "கடன் வாங்கினது நெசம், கட்டாதது நெசம். கேக்கட்டும், என்கிட்ட கேக்கட்டும். கடைத்தெருவுக்கு எதுக்கு சார் சொல்லணும்?"

கடைத்தெருவுக்கு யாரும் சொல்லவில்லை. கடைத்தெருவில் வடை மடித்துக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெட்டிக்கடை அண்ணாச்சி பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் தாள் வாங்குவது வழக்கம். ஒரு நாள் அந்த மடிப்பைப் பிரித்தவர், தையல்காரருக்குத் தூரத்துச் சொந்தம். அதற்குள் அதே கட்டிலிருந்து எத்தனை தாள் எத்தனை பேர் கைக்குப் போயிற்றோ தெரியாது. அந்தப் பெண்ணுக்கு அப்போது ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வீட்டாருக்கும் ஒரு தாளின் படம் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தது. அவர்கள் கௌரவமானவர்கள், சண்டையெல்லாம் போடவில்லை. வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, அவ்வளவுதான்.

தாளை நான் அப்போதுதான் நேரில் பார்த்தேன். கடைசிக் கட்டத்துக்கு 'ரிமார்க்ஸ்' என்று தலைப்பு. ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரு பெயருக்கு நேரே: 'அப்பா குடிப்பார், அம்மாவிடம் பேசவும்.' இன்னொன்றுக்கு: 'மாமா போலீஸ், ஜாக்கிரதை.' தையல்காரர் மகளுக்கு நேரே: 'கல்யாணப் பேச்சு நடக்குது, இப்ப கேட்டா குடுத்துருவாங்க.'

இந்த வரி எந்த வங்கி ஃபைலிலும் இருந்ததில்லை. டெலிபோனில் நைச்சியமாகப் பேசி அந்த வீட்டிலிருந்தே கறந்தது. வங்கி கொடுத்த தகவல் பத்திரமாக இருக்கிறதா என்பதற்கு என்னிடம் 140 கேள்விகள் இருந்தன. ஏஜென்சி தானாகச் சேர்க்கும் தகவல் என்ன என்று கேட்க ஒரு கேள்விகூட இல்லை. நான் எழுதிய படிவம்தான் அது. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

தாளின் வழியைத் தேடிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். நவி மும்பை ஏஜென்சிக்குத் தென் மாவட்டங்களில் ஒரு துணை ஏஜெண்ட் இருந்தார். துணைக்கு ஆள் வைத்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். இவர் விஷயம் வங்கிக்கும் தெரியாது, எனக்கும் சொல்லவில்லை. பூட்டுப் போட்ட ஃபைல் பூட்டோடு அவருக்கு வந்தது. அடுத்த மெயிலில் சாவி. அவரிடம் பிரிண்டர் கிடையாது. பூட்டைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பிவிடுவார். கடைக்காரர் பிரதி எடுத்து வைப்பார். பையன்கள் பைக்கில் வந்து வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். பயந்துபோய் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், ரேஷன் கார்டு விண்ணப்பம், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் இவற்றுக்கு நடுவே 11 மாதப் பட்டியல்கள். ஒன்றையும் அழிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பையன்களில் ஒருவன் திடீரென்று வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். அவன் இருந்த அறையை ஒழித்த வீட்டுக்காரர், மூலையில் கிடந்த தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். 3 கிலோ இருந்ததாம். நவி மும்பை அலுவலகத்தில் பென் டிரைவ் துளைகளை மெழுகு வைத்து அடைத்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தேன்.

வெளிநாடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதைகள் உண்டு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் கல்விக் கடன்களுக்கு உத்தரவாதம் தரும் இ.சி.எம்.சி. என்ற நிறுவனத்தின் தலைமையகத்தில் 2010 மார்ச்சில் திருட்டு நடந்தது. இன்டர்நெட் வழியாக அல்ல. தகவல் பதிவு செய்து வைத்திருந்த சாதனங்களையே தூக்கிக்கொண்டு போனார்கள். சுமார் 33 லட்சம் பேரின் பெயர், விலாசம், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் அதில். கனடாவில் 2012 நவம்பரில் க்யூபெக் மாநிலத்து காடினோ நகரில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை. 2000 முதல் 2006 வரை கல்விக் கடன் வாங்கிய 5,83,000 பேரின் விவரம் அதில் இருந்தது, பாஸ்வேர்டுகூடப் போடவில்லை. வழக்கு நடந்து 2018-இல் சமரசம் ஆயிற்று: மனு கொடுத்தவர்களுக்குத் தலைக்கு 60 டாலர். கம்ப்யூட்டருக்குள்ளேயே புகுந்து எடுத்ததும் உண்டு. 2022-இல் அமெரிக்காவின் நெல்நெட் நிறுவனத்தில் 25 லட்சம் கடன்காரர்களின் விவரம் அப்படித்தான் போயிற்று. ஆனாலும் நான் பார்த்த வரையில் தகவல் பெரும்பாலும் கையாலும் காலாலும்தான் வெளியே போகிறது. இத்தனை தெரிந்தவன் 97-ஆவது கேள்வியில் ஏன் டிக் அடித்தேன்? மூன்றாவது மாடியிலிருந்து எழுந்து கோவில்பட்டிக்குப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. போகச் செலவுக்கும் யாரும் தரமாட்டார்கள்.

தையல்காரர் விடைபெறும்போது ஒன்று கேட்டார். "இதுக்குச் சட்டம் எதுவும் இருக்கா சார்?" இருக்கிறது என்றேன். டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அது யாருக்கு சார் போகும்?"

இந்தியத் தொகுப்பு நிதிக்கு. அதாவது அரசாங்கக் கஜானாவுக்கு. பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு கேட்க 2000-ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னால் சேர்த்த 43-ஏ என்ற பிரிவு இருக்கிறது. அதையும் எடுத்துவிடப் புதிய சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். புதிய சட்டத்துக்கு விதிகள் வெளியாகவே 2025 நவம்பர் ஆகிவிட்டது. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அன்று திண்ணையில் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. "கவர்ன்மென்டுக்குத்தான் போகும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். கோபமாகச் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மும்பைக்குத் திரும்பி அந்த ஏஜென்சிக்கு மறுபடி போனேன், இந்த முறை சொல்லாமல். மானேஜர் அறைக்குப் போகாமல் கூடத்தில் ஒரு பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ரிமார்க்ஸ் கட்டத்தில் ஏன் இப்படியெல்லாம் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எழுதலைன்னா அந்தக் கால் கணக்குல வராது சார். ஒரு நாளைக்கு 180 கால். 'பேசினேன், அடுத்த மாசம் கட்டறாங்களாம்'னு எழுதினா டீம் லீடர் ஏத்துக்க மாட்டாரு. புதுசா ஏதாவது எழுதணும்." வேறு ஒன்றும் சொல்லாமல் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். தவறு செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. எப்படி இருக்கும்? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருளே மேலே போக விடாது.

என் அறிக்கையில் என் பழைய 82 தவறு என்றும் எழுதினேன். தணிக்கைக்காரன் தன் மதிப்பெண்ணைத் தானே அடிப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. வங்கி அந்த ஏஜென்சியை விலக்கியது. ஒரு மாதத்தில் அந்தப் பெண்களில் பாதிப் பேர் பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு ஏஜென்சியில் இருந்தார்கள். தென் மாவட்டத்துத் துணை ஏஜெண்டும் அங்கேயே சேர்ந்தார், அதே செல்போனோடு. தையல்காரர் மகள் விஷயத்தை மேற்கொண்டு விசாரிக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்புகிறார். 'எல்லாம் அழிச்சாச்சு சார்' என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி.

என் படிவத்தில் இப்போது 140 இல்லை, 60 கேள்விதான். அதில் பாதிக்கு மேல் பதில் அலுவலகத்துக்கு வெளியே இருக்கிறது. ரிமார்க்ஸ் கட்டத்தில் கடைசியாக எழுதிய 200 வரிகளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுவதில்லை. இதனால் எனக்கு வருகிற வேலை குறைந்திருக்கிறது.

2025 டிசம்பரில் தானேயில் வேறோர் ஏஜென்சி. மானேஜர் சர்வர் அறையைக் காட்டக் கூப்பிட்டார். குப்பை எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கு மூட்டை. "இன்னும் எடைக்குப் போடல சார், மாசக் கடைசியில போடுவோம்" என்றார், சுத்தமாக வைத்திருப்பதைச் சொல்லும் தோரணையில். அங்கேயே தரையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் வங்கியிலிருந்து போன் வந்தது; மானேஜர் பேசியிருப்பார் போலிருக்கிறது. "சார், அந்தப் பக்கத்துக்கு அவங்கள விட்டா ஆள் இல்ல. 60-க்கு மேல வந்தா கன்டினியூ பண்ணிக்கலாம். கொஞ்சம் பாத்துப் போடுங்க."

பார்த்துத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். மூட்டையில் பாதிகூடப் பிரித்திருக்கவில்லை.